மாதா மேல சத்தியம்

ஓட்டுக்குக் காசு வாங்குறதைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. இது எங்க வீட்டுக்குள்ள நடந்த கதை.

2021 சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 4 ஈஸ்டர், 6ஆம் தேதி ஓட்டுப்பதிவு. பெரிய வியாழன் பூசை முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்ததும் தெருக்காரர் ஒருத்தர் கவரை நீட்டியிருக்கார். உள்ள ஆயிரம் ரூபாய். அதோட விடலை, மாதா படத்தைத் தொட்டு சத்தியமும் வாங்கிட்டுப் போயிட்டார்.

ராத்திரி போன்ல அம்மாவுக்கு ஒரே கவலை. "அந்தாளுக்குப் போட மனசே இல்லடா. ஆனா சத்தியம் பண்ணிட்டேனே, மீறினா பாவம்தானே?"

நான் சும்மா இருப்பேனா? திருச்சபையோட மறைக்கல்வி நூலைப் புரட்டினேன். ஓட்டுப் போடுறது கடமைன்னு 2240ஆம் எண் சொல்லுது. தப்பான காரியத்தைச் செய்றேன்னு சத்தியம் பண்றது கடவுளோட பேருக்கே இழுக்குன்னு 2152 சொல்லுது. அதாவது, சத்தியத்தை மீறுறது இல்ல, பண்ணினதுதான் தப்பு. ஏரோதை எடுத்துக்குங்க (மாற்கு 6). விருந்தாளிங்க முன்னாடி வாக்குக் குடுத்துட்டோமேன்னு யோவானோட தலையை வெட்டச் சொன்னான். சொன்ன சொல்லைக் காப்பாத்தினான்னு யாராச்சும் அவனைப் பாராட்டுறோமா?

அம்மாவுக்கு ஏரோது கதை பட்டுனு புரிஞ்சிருச்சு. நான் அதோட நிறுத்தியிருக்கணும். "அப்போ நான் சொல்ற ஆளுக்குப் போடும்மா"ன்னேன்.

"அவன் காசைக் குடுத்துக் கேட்டான். நீ பைபிளை வெச்சுக் கேக்குற. அவ்வளவுதான் வித்தியாசம்."

சுருக்குன்னு இருந்துச்சு. மனசாட்சியோட உறுதியான தீர்ப்புக்கு மனுஷன் கீழ்ப்படியணும்னு அதே நூல்ல 1790 சொல்லுது. மகனோட மனசாட்சிக்குன்னு சொல்லலையே! மனசாட்சிக்கு விவரம் தெரியணும்னு 1783 சொல்லுது. சரி, என்னால முடிஞ்சது அதுதான். வேட்பாளர்களோட பிரமாணப் பத்திரத்துல இருந்த வழக்கு, சொத்து எல்லாத்தையும், என் ஆளையும் சேர்த்து, வாசிச்சுக் காட்டினேன். அம்மா 'ம்' கொட்டிக் கேட்டாங்க.

சனிக்கிழமை காசைத் திருப்பிக் குடுக்கப் போயிருக்காங்க. "லிஸ்ட்ல டிக் போட்டாச்சுக்கா, இனிமே வாங்க முடியாது"ன்னாராம். திண்ணையில வெச்சிட்டு வந்துட்டாங்க.

ஓட்டுப் போட்டு முடிச்சதும், "யாருக்கும்மா?"ன்னு கேட்டுப் பார்த்தேன்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியாரே இதைக் கேக்க மாட்டாரு. நீ யாருடா கேக்குறதுக்கு?"

இன்னிக்கு வரைக்கும் சொல்லலை :)