காற்றை நாடும் படகு

எங்கள் கடற்கரைக்கு வள்ளம் பழையது; ‘கயாக்’ புதியது. கிரீன்லாந்தின் இன்யூட் மக்கள் தோல் போர்த்திச் செய்த வேட்டைப் படகின் வழிவந்தது அது. ஒருவர் அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்த வேண்டும். இராமேசுவரம் தீவின் வடகரையில் அதைப் பழகத் தொடங்கியபோது என்னை வியக்க வைத்தது அதன் பிடிவாதம்தான்.

காற்று பக்கவாட்டில் வீசினால் படகின் முகம் காற்று போகும் பக்கம் திரும்பும் என்றுதானே எண்ணுவோம்? நடப்பதோ நேர்மாறு. அது காற்று வரும் திசையையே நாடுகிறது! படகு முன்னேறும்போது அதன் முன்முனையை நீர் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பின்முனையோ கலைந்த நீரில் பிடிப்பின்றி இருக்கிறது. காற்று பின்முனையைத் தள்ள, முகம் எதிர்ப்பக்கம் வந்துவிடுகிறது. (இயற்பியல் பேராசிரியர்கள் இதை என்னைவிட அழகாக விளக்குவார்கள்.)

புதியவர்கள் காற்று வரும் பக்கத்திலேயே ஓயாமல் துடுப்பை வலித்துத் தோள் சோர்ந்து போகிறார்கள். அந்தப் பக்கம் அகலமாக அரைவட்டம் போட்டு வலிப்பது சரிதான். ஆனால் பாதி வேலையை இடுப்பு செய்ய வேண்டும். காற்று வரும் பக்கம் இடுப்பை அழுத்திப் படகைச் சற்றே சாய்த்தால், முகம் காற்றை விட்டு விலகும். உடம்பு மட்டும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அதுவும் சாய்ந்தால் குளியல்தான்!

ஆனி, ஆடியில் இவையெல்லாம் விளையாட்டல்ல. அப்போது வீசுவது தென்மேற்குக் காற்று. மரங்களும் மணல்மேடுகளும் மறைப்பதால் வடகரையோரம் கடல் குளம்போல் கிடக்கும். விலகிச் செல்லச் செல்லக் காற்று வலுக்கும். அது தள்ளுவதும் கடலை நோக்கித்தான். “போறப்ப காத்து கொண்டு போயிரும் தம்பி. வர்றப்ப உன் கைதான் கொண்டு வரணும்” என்றார் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். அந்த மாதங்களில் நாங்கள் ஆழம் பக்கமே போவதில்லை. உடம்பில் வலு இருக்கும்போதே கரையை ஒட்டி மேற்கே காற்றை எதிர்த்துப் போய், களைத்த பின் அதன் துணையோடு திரும்புவோம்.

சில கயாக்குகளின் அடியில், பின்முனைக்கு நீரில் பிடிப்புக் கொடுக்க, இறக்கி ஏற்றும் தகடு ஒன்று உண்டு. எங்கள் படகுகளில் அது இல்லை. இருப்பதெல்லாம் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. காற்றை எதிர்த்துப் போகும்போது அதை முன்னே வைப்போம். திரும்பும்போது இருக்கைக்குப் பின்னே கட்டிவிடுவோம்.