கோழிக்கூட்டில் ஒளிந்த பகை

நம் குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்ப்பது பெரிய தொழில் அன்று. ஆயினும் அதை அற்பமென்று ஒதுக்கிவிடவும் முடியாது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குக் காலையில் ஒரு முட்டை, திடீரென விருந்தினர் வந்தால் ஒரு குழம்பு, கையில் காசில்லாத நாளில் பத்து முட்டை விற்ற பணம் என்று அவை இல்லத்தரசியின் கையைத் தாங்குகின்றன. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலையும் அம்மையையும் நாம் அறிவோம். அவற்றிற்குத் தடுப்பூசியும் உண்டு. ஆனால் கூட்டின் மரத்திலேயே குடியிருந்து, இரவில் மட்டும் வெளிவந்து இரத்தம் குடிக்கும் ஒரு சிற்றுயிரைப் பற்றிப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனோடு எங்கள் வீடும் அடுத்த வீடும் சேர்ந்து நடத்திய போராட்டத்தை இங்கே எழுதுகிறேன். மரக்கூட்டில் கோழி வளர்ப்போருக்கு இது பயன்படக்கூடும்.

நாங்கள் குன்னூருக்கு அருகே ஒரு மலைச்சரிவில் குடியிருக்கிறோம். குளிரும் ஈரமும் மிகுந்த இடம். சமவெளியில் செய்வதுபோலப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழிகளை அடைத்தால் அவை விறைத்துப் போகும். ஆகவே பலகையால் கூடு செய்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்களின்மேல் நிறுத்தி, தகரக் கூரை போடுவதே இங்கே வழக்கம். எங்கள் கூடும் அப்படிப்பட்டதே. என் கணவரின் தந்தை தம் கையால் செய்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையே காலப்போக்கில் விழுந்த வெடிப்புகள் ஏராளம். கூரையின் இடுக்கில் ஒவ்வோர் ஆண்டும் மைனாக்கள் கூடு கட்டும்.

ஓர் அக்டோபர் மாதத்தில், மழை தொடங்கிய சில நாட்களில், முட்டைகள் குறைந்தன. நாளொன்றுக்கு ஏழு எட்டு கிடைத்த இடத்தில் மூன்றுதான் கிடைத்தன. மழைக்காலத்தில் முட்டை குறைவது இயல்பு என்றார் என் கணவர். பின்னர்க் கோழிகளின் கொண்டை வெளிறத் தொடங்கியது. செக்கச் செவேலென்றிருந்த கொண்டைகள் பழைய துணியின் நிறத்திற்கு வந்தன. அதன்பின் நடந்ததுதான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. பொழுது சாய்ந்ததும் தாமாகவே கூட்டுக்குள் செல்லும் கோழிகள், வாசலில் நின்று தயங்கின. பிடித்து உள்ளே விட்டாலும் வெளியே ஓடிவந்தன. நான்கு கோழிகள் பேரிக்காய் மரத்தில் ஏறி அமர்ந்துகொண்டன. மூன்றாம் நாள் இரவு மரநாய் ஒன்று வந்து அவற்றில் ஒன்றைக் கொண்டுபோயிற்று.

அந்த வாரத்திலேயே அடைகோழியும் இறந்தது. பதினொரு முட்டைகளின்மேல் பதினெட்டு நாட்களாக அமர்ந்திருந்த கோழி அது. மற்றவை கூட்டைவிட்டு ஓடியபோதும் அது மட்டும் எழவில்லை. காலையில் தீனி வைக்கச் சென்ற என் மகள், சிறகை விரித்து முட்டைகளை மூடியபடியே அது உயிர்விட்டிருப்பதைக் கண்டு அழுதுகொண்டே ஓடிவந்தாள். உடலில் காயமில்லை, கழிச்சலும் இல்லை. தூக்கிப் பார்த்தால் பஞ்சுபோல் எடையற்றிருந்தது.

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், அதைப் பார்த்தவுடன் சொன்னார்: “பகலிலே கோழியைப் பார்த்து ஒன்றும் தெரியாதம்மா. இராத்திரியிலே கூட்டைப் பார்.”

அன்றிரவு பத்து மணிக்கு டார்ச் விளக்குடன் சென்றோம். கோழிகள் அமரும் கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அழுத்தித் தேய்க்கச் சொன்னார் அத்தை. தாளை எடுத்தபோது அதில் நெடுகச் சிவப்புக் கோடுகள். இரத்தமே அது. கட்டை சுவரோடு சேரும் முனைகளில், மிளகுப்பொடியும் சாம்பலும் கலந்து கொட்டியதுபோல் ஏதோ அப்பியிருந்தது. விளக்கை அருகில் கொண்டுசென்றபோது அந்தப் பொடி அசைந்தது! சில நொடிகளில் என் கையிலும் அரிப்புத் தொடங்கிவிட்டது.

“இதுதான் செள்ளு,” என்றார் அத்தை.

மறுநாள் அரசு கால்நடை மருந்தகத்திற்குத் தாளையும், மூடியிட்ட சிறு புட்டியில் கொஞ்சம் அந்தப் ‘பொடியையும்’ கொண்டுசென்றோம். மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் எங்களுக்கும் காட்டினார். அது பேன் அன்று. எட்டுக் கால்களையுடைய உண்ணி இனத்தைச் சேர்ந்தது. இரத்தம் குடித்த பின்னும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். பசியோடிருக்கையில் சாம்பல் நிறம்; குடித்தபின் சிவப்பு. ஆகவே அதனைச் சிவப்பு உண்ணி என்கின்றனர். சுவீடன் நாட்டு அறிஞர் டி கீர் என்பவர் 1778ஆம் ஆண்டிலேயே இதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்திருக்கிறார். இன்றும் உலகெங்கும் கோழி வளர்ப்போரை வாட்டும் உயிர்களுள் இது முன்னணியில் நிற்கிறது. காட்டுப் பறவைகளின் கூடுகளிலும் இது வாழும். எங்கள் கூரையிலிருந்த மைனாக்கூட்டின் வழியாகவும் வந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

அவர் விளக்கியவற்றுள் முதன்மையானது இதன் வாழ்க்கை முறை. பேன் கோழியின் உடலிலேயே வாழ்கிறது. இதுவோ இரவில் ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகக் கோழியின்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, மீண்டும் மரவெடிப்புக்குள் புகுந்துகொள்கிறது. முட்டையிடுவதும் அங்கேயே. முட்டை இரண்டு மூன்று நாட்களில் பொரிக்கிறது. வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அக்குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடத் தயாராகிறது. குளிரில் இன்னும் சில நாட்கள் கூடும். கோழிகளே இல்லாத வெறுங்கூட்டிலும் பல மாதங்கள் பட்டினியாகக் கிடந்து உயிர்வாழும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆகவே கோழிகளை விற்றுவிட்டு, சில வாரங்கள் கழித்துப் புதுக்கோழிகளை அதே கூட்டில் விடுவோர், புதிய விருந்தை அதற்குப் படைக்கிறார்கள்.

பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் தென்படாததும், அடைகோழி மடிந்ததும் இதனால்தான். மற்றக் கோழிகளுக்குப் பகலிலாவது விடுதலை உண்டு. இருண்ட பெட்டியில் இரவும் பகலும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பது அடைகோழி ஒன்றே.

செய்ய வேண்டியதை மருத்துவர் வரிசையாகச் சொன்னார். அவ்வாறே செய்தோம். கோழிகளைத் தற்காலிகமாக விறகுக் கொட்டகையில் வலையடித்து வைத்தோம். கூட்டிலிருந்த வைக்கோல், மரத்தூள், மைனாக்கூடு அனைத்தையும் வாரித் தொலைவில் எரித்தோம். கழற்றக்கூடிய பலகைகளையும் கட்டைகளையும் கழற்றினோம். ஒவ்வோர் இடுக்கையும் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றினோம். நாற்பத்தைந்து பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை இவ்வுயிர் தாங்காது. ஆனால் அந்த வெப்பம் வெடிப்பின் ஆழம்வரை சென்றாக வேண்டும். ஈரம் உலர்ந்தபின் வெடிப்புகளை மக்கு வைத்து அடைத்து, கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை இரண்டு முறை பூசினோம். மரக்கட்டைக்குப் பதிலாக வழவழப்பான இரும்புக் குழாயை அமரும் கம்பாக வைத்து, அது சுவரைத் தொடாதவாறு இரு தாங்கிகளில் நிறுத்தினோம். தாங்கிகளின் கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் வைத்தோம். கோழிகள் புரண்டு குளிக்க உலர்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்த ஒரு தொட்டியும் அமைத்தோம்.

“இத்தோடு முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஏழாம் நாள் மீண்டும் கொதிநீர் ஊற்றுங்கள். பதினான்காம் நாள் மறுபடியும். இன்று தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்,” என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

இந்நிலையில்தான் அடுத்த வீட்டு அக்காவின் துன்பம் தெரியவந்தது. கணவரை இழந்தவர், முப்பது கோழிகள் வைத்து, கடைகளுக்கு முட்டை கொடுத்து, மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியிருந்தார். அவர் கூட்டிலும் அதே தாள், அதே சிவப்புக் கோடு. யாரோ கொடுத்தார்கள் என்று தேயிலைச் செடிக்கு அடிக்கும் மருந்து ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார். அன்று மாலையே கோழிகள் மீதும் கூட்டிலும் தெளிக்கப்போவதாகச் சொன்னார்.

“ஒரே அடியில் எல்லாம் செத்துவிடுமாம், தங்கச்சி. அடுத்த மாதம் பீஸ் கட்ட வேண்டும். உன்னைப்போல் மூன்று வாரம் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருக்க எனக்கு முடியுமா?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தச் செடிமருந்து கோழியின் உடலில் ஏறினால் முட்டையிலும் இறங்கும் அல்லவா? 2017ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நடந்ததை அவரிடம் சொன்னேன். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே உண்ணிக்காகக் கோழிப்பண்ணைகளில் ஒரு மருந்து தெளிக்கப்பட்டது. யூகலிப்டஸும் புதினா உப்பும் சேர்ந்த தாவர மருந்து என்று சொல்லி விற்கப்பட்ட அதில், ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அதைப் பயன்படுத்துவது அங்கே தடைசெய்யப்பட்ட ஒன்று. முட்டையில் நஞ்சு கண்டறியப்பட்டதும் பல நாடுகளின் கடைகளிலிருந்து இலட்சக்கணக்கான முட்டைகள் அகற்றி அழிக்கப்பட்டன, பண்ணைகள் மூடப்பட்டன, ஏராளமான கோழிகள் கொல்லப்பட்டன. பண்ணைக்காரர் பலர் தாம் தெளித்தது இன்னதென்று அறியாமலேயே தம் பிழைப்பை இழந்தனர்.

“உங்கள் முட்டையை வாங்கும் வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், அக்கா. வெந்நீர் காய்ச்ச நாங்கள் வருகிறோம்,” என்றேன்.

அவர் சற்று நேரம் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சனிக்கிழமை வருவீர்களா?” என்று கேட்டார்.

சனிக்கிழமை என் கணவரும், என் மகளும், விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகளும் சேர்ந்து அவர் கூட்டைக் கழற்றினோம். எங்கள் வீட்டுக் கூட்டிற்கும் அன்றே இரண்டாம் முறை கொதிநீர். ஒரு கூட்டைச் சுத்தம் செய்து பக்கத்துக் கூட்டை விட்டுவைத்தால், உடையிலும் கூடையிலும் ஒட்டிக்கொண்டு அது திரும்பி வந்துவிடும். ஆகவே இரு வீடுகளும் ஒரே நாளில் செய்ததே நன்மையாயிற்று. டப்பாவைத் திறக்காமலேயே அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. நவம்பர் முழுவதும் முட்டை குறைவாகவே இருந்தது. அக்காவுக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நான்கு கோழிகள் பிழைக்கவில்லை. ஆனால் கொண்டைகளில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்வோர் முட்டை கேட்டு வந்தபோது அக்காவால் கொடுக்க முடிந்தது. கோழிகள் பேரிக்காய் மரத்தை மறந்து, மாலையில் தாமாகவே கூட்டுக்குள் சென்றன.

மேல்நாடுகளில் இன்று கோழியின் குடிநீரில் கலந்து, ஏழு நாள் இடைவெளியில் இருமுறை கொடுக்கும் ஒரு மருந்து 2017 முதல் அனுமதியோடு வழக்கத்தில் இருக்கிறது. அம்மருந்துக்கும் அந்த ஏழு நாள் கணக்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். எம்மருந்தாயினும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, முட்டையை எத்தனை நாள் உண்ணலாகாது என்பதையும் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். வயலுக்கும் தோட்டத்திற்கும் உரிய மருந்து கோழிக்கூட்டின் வாசலைக்கூட நெருங்கக்கூடாது.

இந்த உண்ணியை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று நான் சொல்லமாட்டேன். மரமும் வெடிப்பும் பறவையும் உள்ளவரை அது திரும்பி வரக்கூடும். அதனால் மாதம் இருமுறை, பிள்ளைகள் உறங்கியபின், வெள்ளைத் தாளோடு கூட்டுக்குச் சென்று வருவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. உங்கள் கோழிகள் மாலையில் கூட்டுவாசலில் தயங்கி நிற்குமானால், அவற்றை அதட்டி உள்ளே தள்ளாதீர்கள். அவற்றின் தயக்கத்திற்குக் காரணம் இருக்கும். அன்றிரவே ஒரு தாளையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு சென்று பாருங்கள்.