பேசாத பிள்ளையின் குரல்

ஒப்புரவு அருட்சாதனம் வழங்க அமரும் அருள்பணியாளர் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. சிலர் முகத்துக்கு முகம் அமர்ந்தால் நெஞ்சத்தைத் திறப்பர். வேறு சிலருக்கோ அது இயலாது; இடையே ஒரு தட்டி இருந்தால் மட்டுமே அவர்களுக்குச் சொல் பிறக்கும். 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராக விளங்கிய புனித சார்லஸ் பொரோமேயு இத்தகைய தட்டியுடன் கூடிய இருக்கையை ஆலயங்களில் அமைக்கச் செய்தார். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பும், விரும்புவோர் பயன்படுத்தும் பொருட்டு அத்தட்டி இருக்கவேண்டும் என்கிறது. ஒழுங்கு கருதி வந்த ஏற்பாடுதான். ஆயினும் கூச்சமுடைய எத்தனையோ உள்ளங்களுக்கு அதுவே வாயிலாயிற்று. தட்டிக்குப் பின்னே முழங்காலிடுபவரைக் கோழை என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. இதை நன்கு அறிந்திருந்தும், ஒரு பிள்ளையின் காரியத்தில் நாம் அதை மறந்துபோனோம்.

2016-இல் நாம் பொறுப்பேற்ற பங்கில் அப்பிள்ளை பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மறைக்கல்வி ஆண்டு விழாவின் பேச்சுப் போட்டிக்கு, அவள் விரும்பாதிருந்தும், நாமே பெயரைச் சேர்த்தோம். ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள். ஒரு நிமிடம் சென்றது; சொல் எழவில்லை. "வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வந்தாயா, அம்மா?" என்று நாம் ஒலிபெருக்கியிலேயே கேட்டோம். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அதன்பின் அவள் எந்த மேடையும் ஏறவில்லை. மந்தமான பிள்ளை என்று நாமும் முடிவு கட்டிவிட்டோம்.

2020 மார்ச் திங்களில் நோய்த்தொற்றால் நாடு அடைக்கப்பட்டது. கல்லூரி வகுப்புகள் கைப்பேசிக்குள் குடிபுகுந்தன. அவ்வூரில் கைப்பேசிக்குப் போதிய சிக்னல் கிடைப்பதில்லை. பங்கு அலுவலகத்தில் இணைய வசதி இருந்தமையால், கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், நான்கு மாணவர்களை மறைக்கல்விக் கூடத்தில் தள்ளித் தள்ளி அமர்ந்து படிக்க அனுமதித்தோம். வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் ஆண்டு சேர்ந்திருந்த அப்பிள்ளையும் அவர்களுள் ஒருத்தி.

ஒருநாள் அவ்வழியே சென்றபோது பேராசிரியரின் குரல் கைப்பேசியிலிருந்து கேட்டது. கேள்வி ஒன்று கேட்டிருந்தார் போலும்; எவரும் விடை சொல்லவில்லை. இவள் தலை குனிந்து விரைவாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சற்று நேரத்தில் பேராசிரியர் அவள் எழுதியதை உரக்கப் படித்தார். "இதை எழுதியவள் இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்றார். அவள் முகம் மலர்ந்தது. நான்கு ஆண்டுகளில் அப்புன்னகையை நாம் கண்டதே இல்லை. அவள் எங்கும் போயிருக்கவில்லை. நம் கண்ணெதிரேதான் இருந்தாள்.

உளவியல் அறிஞர் கார்ல் யுங், 1921-இல் வெளியிட்ட நூலில், மனித இயல்பை உள்முகம், வெளிமுகம் என இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். உள்முக இயல்பு நோயன்று, அறிவுக் குறைவுமன்று. இத்தகையோர் முதலில் உள்ளே எண்ணிப் பார்த்துப் பின்னரே பேசுவர். நம் வகுப்பறைகளோ முதலில் கை தூக்குபவரையே கெட்டிக்காரர் என்கின்றன. உள்முகப் பிள்ளை விடையை ஒழுங்குபடுத்தி முடிக்குமுன் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

இணையவழி வகுப்பில் நிலைமை மாறுகிறது. பதிவு செய்யப்பட்ட பாடத்தை நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம். ஐயத்தை எழுதிக் கேட்கலாம். இரண்டு மூன்று நாள் தவணை தந்து எழுத்தில் நடத்தும் கலந்துரையாடலில், குரல் உயர்ந்தவர் முந்துவதில்லை. எண்ணித் தெளிந்தவர் எழுதுகிறார். ஐம்பது பேரின் பார்வை முதுகில் படுவதில்லை.

எழுத்தின் வழியே வாய் திறந்தவரை நற்செய்தியிலும் காண்கிறோம். பேச்சிழந்த செக்கரியா எழுதுபலகை கேட்டு வாங்கித் தம் மகனின் பெயரை எழுதினார். பலகை தர மறுத்து, "வாயால் சொல்" என்று அவரை எவரும் வற்புறுத்தவில்லை. புனித தாமஸ் அக்குவினாவை உடன் பயின்றோர் ஊமை எருது என்று கேலி செய்ததாகவும், அவ்வெருதின் முழக்கம் ஒருநாள் உலகெங்கும் கேட்கும் என்று அவருடைய ஆசிரியர் புனித ஆல்பர்ட் கூறியதாகவும் மரபு உண்டு. குருமடத்தில் இதனைப் பயின்று தேர்வும் எழுதியவர் நாம். நம் முன் நின்ற பிள்ளையிடம் ஆல்பர்ட்டாக நடந்துகொள்ளவில்லை. கேலி செய்தவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

2022-இல் அவள் தந்தை நம்மிடம் வந்தார். மகள் முதுகலையை இணையவழியில் படிக்க விரும்புகிறாள் என்றார். "சாமி, அந்தப் பட்டம் செல்லுமா? வீட்டுக்குள்ளேயே இருந்து படிச்சா பிள்ளை இன்னும் ஊமையாப் போயிடாதா? நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும்" என்றார். முதல் கேள்விக்கு விடை எளிது. ஏற்பு பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் வழங்கும் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு அவ்வாண்டிலேயே தெளிவுபடுத்தியிருந்தது. இரண்டாம் கேள்வி நம்மையும் உறுத்தியது. அவளை அழைத்துக் கேட்டோம். வழக்கம்போல் மௌனம். மறுநாள் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தாள்.

தனக்கு மனிதர்மேல் வெறுப்பில்லை என்றும், இருவரோடு பேச முடிகிற தனக்கு ஐம்பது பேர் நடுவே பேச முடியவில்லை என்றும் எழுதியிருந்தாள். கல்லூரியில் பாதி வலிமை கூட்டத்தைத் தாங்குவதிலேயே செலவாகிறது. வீட்டில் முழுவதும் படிப்புக்குக் கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தாள். பேச்சுப் போட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. அன்றிரவு நாமும் ஒரு கடிதம் எழுதி அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தையிடம், "பிள்ளை விருப்பப்படியே படிக்கட்டும்" என்றோம்.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதென்று நாம் சொல்லவில்லை. தானே நேரம் வகுத்துப் படிக்க இயலாதவர் இதில் பின்தங்கக்கூடும். வீட்டில் ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்தால் படிப்பும் மூன்றாகப் பிரியும். மறைந்திருக்க மட்டுமே ஒருவர் இதை நாடினால், அது கல்வியாகாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று திருத்தந்தையின் சமூகத் தொடர்புக் கழகம் 2002-இல் தெளிவுறுத்தியது. அப்பமும் கரங்களும் ஓரிடத்தில் கூடவேண்டும். தட்டிக்குப் பின்னே பாவத்தை அறிக்கையிட்டவரும் எழுந்து திருப்பந்திக்கு வரத்தான் வேண்டும்.

ஆகவே அவளிடம் ஒன்று மட்டும் வேண்டினோம். மறைக்கல்வி வகுப்பில் வாய் திறவாத சிறுமியர் மூவர் இருந்தனர். ஞாயிறுதோறும் அவர்களுக்குக் கற்பிக்க வருவாயா என்று கேட்டோம். வந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் சிலேட்டில் விடை எழுதச் சொன்னாள். பிறகே வாசிக்கச் சொன்னாள். சில வாரங்களில் அம்மூவரின் குரலும் வெளி முற்றம்வரை கேட்டது.

2024-இல் அவள் முதுகலையை நிறைவு செய்தாள். நாம் இப்போது வேறு பங்கில் பணிபுரிகிறோம். இங்கு மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்டபின் ஐந்து நிமிடம் எவரும் பேசக்கூடாது என்பது ஒழுங்கு, பிள்ளைகள் எழுதுகிறார்கள். அந்த ஐந்து நிமிடமும் நாமும் வாய் மூடி அமர்ந்திருக்கிறோம்.