எம்.ஆர்க் எங்கே படிக்கலாம்? ஒருமுறை அகமதாபாத்துக்கு ரயிலேறிப் பாருங்கள்!

பி.ஆர்க் ஐந்து வருடம் முடிந்த கையோடு, 'அடுத்து எம்.ஆர்க் எங்கே?' என்று லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் உண்டு. இணையத்தில் ரேங்கிங் கிடைக்கும், சிலபஸ் கிடைக்கும், கட்டண விவரம் கிடைக்கும். இரண்டு வருடம் எந்தத் தெருக்களில் நடக்கப்போகிறோம் என்பது மட்டும் கிடைக்காது. கட்டடக்கலை மாணவருக்கு அதுதான் பாதிப் படிப்பு.

இதற்கு நல்ல உதாரணம் அகமதாபாத். சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். இங்குள்ள செப்ட் பல்கலைக்கழகம், 1962-ல் கட்டடக்கலைப் பள்ளியாகத் தொடங்கியது. தொடங்கியவர் பி.வி.தோஷி. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர். வளாகத்தின் முதல் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. பூச்சில்லாத செங்கல், கான்கிரீட், வடக்கு வெளிச்சம் விழும் உயரமான ஸ்டூடியோக்கள், காற்று தாராளமாகப் புகுந்து போகும் தரைத்தளம்.

பக்கத்திலேயே 'அம்தாவாத் நி குஃபா'. தோஷி கட்ட, ஓவியர் எம்.எஃப்.ஹுசைன் வரைந்த நிலத்தடிக் கலைக்கூடம். உள்ளே நேரான சுவரைத் தேடினாலும் கிடைக்காது. தூண்கள் மரம்போல் சாய்ந்து நிற்கும். ஸ்கேல் வைத்தே கோடு போட்டுப் பழகியவர்கள் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள்!

சபர்மதி ஆற்றோரம், ஆசிரம சாலையில் லெ கொர்பூசியே வடிவமைத்த மில் உரிமையாளர் சங்கக் கட்டடம் இருக்கிறது. 1954-ல் முடிந்தது. மேற்கு வெயிலைத் தடுக்க முகப்பில் சாய்வாக நிறுத்திய கான்கிரீட் பலகைகள்தான் அதன் அழகே. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்தச் சாய்வு ஏன் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பழைய நகரத்துக்குள் நுழைந்தால் 'போள்' எனப்படும் குறுகலான குடியிருப்புச் சந்துகள். மரச் செதுக்கல் முகப்புகள், நடுவே நம்மூர் முற்றம் போலவே ஒரு 'சௌக்', பல வீடுகளில் அதன் அடியில் மழைநீர்த் தொட்டி. 2017-ல் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. பட்டம் கிடைத்தாலும், பராமரிக்கப் பணமில்லாமல் தளர்ந்து நிற்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பாரம்பரியப் பாதுகாப்பு படிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் எது?

அந்தப் படிப்பின் கஷ்டம் புரிய ஐ.ஐ.எம் வளாகத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கர் லூயி கான் வடிவமைத்த, பெரிய வட்டத் திறப்புகள் கொண்ட செங்கல் வளாகம். அங்கே நூலகத்தைப் புதுப்பித்த பணிக்கு 2019-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அடுத்த வருடமே, 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கும் திட்டம் வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து எதிர்ப்பு கிளம்ப, 2021 ஜனவரியில் நிர்வாகம் பின்வாங்கியது. 2022-ல் மறுகட்டுமானப் பேச்சு திரும்பவும் வந்தது. செங்கல் சிதைகிறது, பாதுகாப்பில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். காப்பாற்ற வழி உண்டு என்பது கட்டடக் கலைஞர்களின் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விடை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சரி, பணம்? பெற்றோர் முதலில் கேட்பதும் அதைத்தானே. இந்தியாவில் ஆர்க்கிடெக்ட்டாகத் தொழில் செய்ய பி.ஆர்க் பட்டமும் கவுன்சில் பதிவும் போதும். எம்.ஆர்க் கட்டாயமில்லை. ஆகவே 'எல்லோரும் படிக்கிறார்கள்' என்பதற்காகக் கல்விக் கடன் வாங்குவது வீண். நகர வடிவமைப்பு, நிலவடிவமைப்பு, பாரம்பரியப் பாதுகாப்பு என்று ஏதாவது ஒன்றில் நிஜமான பிடிப்பு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கல்லூரியில் பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கும் இது தேவைப்படும். செப்ட்டில் கட்டணம் அதிகம். போர்ட்ஃபோலியோவும் வலுவாக இருக்க வேண்டும். கையில் கேட் மதிப்பெண் இருந்தால் டெல்லி எஸ்.பி.ஏ, என்.ஐ.டி-க்கள் போன்ற அரசு நிறுவனங்கள் பக்கம் போகலாம், உதவித்தொகைக்கும் வழியுண்டு. சென்னையைவிட்டு நகர முடியாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு சீட்டா-பி.ஜி தேர்வு எழுதலாம்.

எதை முடிவு செய்தாலும், அந்த ஊரில் நாலு நாள் தங்கிவிட்டு விண்ணப்பத்தை நிரப்புவது நல்லது. மாணவர்களோடு ஒரு டீ குடித்துப் பேசினால் விளம்பரக் கையேட்டில் இல்லாதது தெரியும். ஸ்டூடியோவில் ஆசிரியர் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறார், மாடல் செய்யவும் பிரின்ட் எடுக்கவும் மாதம் எவ்வளவு செலவாகிறது, இதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். அகமதாபாத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மணிநகர்ப் பக்கம் தலைமுறைகளாகத் தமிழர்கள் வசிக்கிறார்கள்.

ஒரு நாளை ஊருக்கு வெளியே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் அடாலஜ் படிக்கிணற்றுக்கு ஒதுக்குங்கள். 1499-ல் கட்டி முடித்தது, ஐந்து தளம் ஆழம். இறங்க இறங்க வெயில் குறைவது உடம்புக்கே தெரியும்.

போக நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜனவரி 14, 15 தேதிகளில் உத்தராயண். ஊரே மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். அட்மிஷன் விசாரிக்கப் போகிறவர்கள் தேதி பார்த்து டிக்கெட் போடவும்!