யுத்த காலத்தில் ஒரு வோட்டு

உபதேர்தல் என்றதும் நம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வருகிறது. காலியான ஸ்தானம் ஒன்று. வந்து இறங்கும் மந்திரிகளோ ஒரு பட்டாளம்! 2019 ஏப்ரல் 18-ந் தேதி நாம் வசிக்கும் விளாத்திகுளத்திலும் சட்டசபைக்கு உபதேர்தல் நடந்தது. "ஒரு வோட்டினால் என்ன ஸார் ஆகிவிடும்?" என்று வகுப்பிலே பிள்ளைகள் கேட்பதுண்டு. சரித்திரம் கற்பிக்கிற நமக்கு அப்பொழுதெல்லாம் 1942-ம் வருஷம் நினைவுக்கு வரும்.

அவ்வருஷம் ஜூன் 21-ந் தேதி வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக் துறைமுகம் ஜெர்மானியர் வசமாயிற்று. நான்கே நாள் கழித்து, இங்கிலாந்தில் மால்டன் தொகுதியில் பார்லிமெண்டு உபதேர்தல். யுத்தம் முடியும் வரையில் தங்களுக்குள் போட்டியில்லை என்று பெரிய கட்சிகள் மூன்றும் 1939-லேயே உடன்படிக்கை செய்திருந்தன. ஆயினும் டாம் டிரைபர்க் என்ற பத்திரிகை எழுத்தாளர் சுயேச்சையாக நின்று, கன்ஸர்வேடிவ் அபேட்சகரை ஏறக்குறைய 6,000 வோட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். சர்க்கார் கவிழவில்லை, யுத்தமும் நிற்கவில்லை. ஆனால் ஜனங்களின் கோபம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே யுத்தத்தில் நம்முடைய நிலைமை என்ன? இந்தியரை ஒரு வார்த்தை கேளாமலே 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ நம் தேசத்தை அதில் இழுத்துவிட்டார். மறு மாதம் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. 1946 வரையில் சென்னை மாகாணத்தில் கவர்னர் ஆட்சிதான். 1937-ல் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துச் சிலருக்கே வோட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சிலர் அனுப்பிய சட்டசபைக்கும் வேலையில்லாமற் போயிற்று.

1942 ஆகஸ்டில் காந்தியடிகள் கைதானார். செப்டம்பரில், நம் கடற்கரையைச் சேர்ந்த குலசேகரன்பட்டினத்தில் உப்பளத்துக்குள் கூட்டம் புகுந்தது. லோன் என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு உயிர் தப்பினார்கள்.

அந்தக் கொலையை நாம் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் மால்டன் குடியானவனுக்குக் கோபம் வந்தபோது எதிரே ஒரு வோட்டுப் பெட்டி இருந்தது. குலசேகரன்பட்டினத்தானுக்கு எதிரே இருந்தது போலீஸ் துப்பாக்கி.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். அபேட்சகர்கள் யாரும் பிடிக்காமல் இருக்கலாம். கரிசல்காட்டு வெயில் மண்டையைப் பிளக்கலாம். ஆனாலும் வரிசையில் போய் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.