இரட்டைக் குழலும் இரண்டரை அங்குலமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திருக்குறளின் 12-ஆம் குறளில் 'துப்பாக்கி' என்ற சொல் வருகிறது என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் சொன்னபோது பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. அங்கே அதற்கு 'உணவை உண்டாக்கி' என்று பொருள். சுடுகின்ற துப்பாக்கியோ துருக்கி மொழியிலிருந்து வந்து சேர்ந்த சொல். நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் துப்பாக்கி உண்மையிலேயே உணவை உண்டாக்கிய பொருள்தான். என் தந்தையார் 22 ஆண்டுகளாக ஒரு துப்பாக்கிக் கடையில் கட்டை வேலை செய்கிறார். உடைந்த அடிக்கட்டையை ஒட்டுவது, புதுக்கட்டை செதுக்குவது, எண்ணெய் ஏற்றுவது அவர் தொழில். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டுச் சேர்க்கைக்குப் பணம் கட்டியவர் அந்தக் கடை முதலாளி. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

சனிக்கிழமைகளில் பதிவேடு எழுத நான் கடைக்குப் போவது வழக்கம். கடைக்கு வருவோர் பெரும்பாலும் வங்கிக் காவலர்களும் தோப்பு வைத்திருப்பவர்களுமே. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை வந்தவர் வேறு மாதிரி. பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியர். பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் அவருக்கு மோகம். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளில் பிடித்ததாம். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் டிராப்பில் சுட்டபோது, 'நம்ம பக்கத்துக்காரரே போய்விட்டார்' என்று மறுபடியும் கிளம்பியிருக்கிறது. இரவல் துப்பாக்கியில் பழகியது போதுமென்று முறையாக உரிமம் பெற்று வந்திருந்தார். கையில் இருந்தது 60,000 ரூபாய்.

"சார், பெரிய போட்டிக்காரங்க குழல் மேலும் கீழுமா இருக்கிறதைத்தான் வாங்குவாங்க. அது உங்க பணத்துக்கு வராது. பக்கத்துப் பக்கத்துக் குழல்னா ரெண்டு இருக்கு" என்று முதலாளி இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பீகார் மாநிலம் முங்கேரில் செய்த புதியது. மற்றது பர்மிங்காமில் செய்த பழையது. பக்கத் தகட்டில் இலையும் கொடியுமாகச் செதுக்கு வேலை. மூன்று ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. அதன் கழுத்தில் இருந்த விரிசலை அப்பா அந்த வாரந்தான் ஒட்டி, மூன்று நாள் தேய்த்து மெருகேற்றியிருந்தார். ஆசிரியரின் கை எதன்மேல் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா?

மலிவான துப்பாக்கி வாங்குகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் துப்பாக்கியை முறித்துக் காலியென்று இரண்டு முறை பார்ப்பார். குழலைத் தனியே கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் ஒரு தட்டு. கோயில் மணிபோல் ஓசை நின்று ஒலித்தால் இரு குழல்களையும் சேர்த்த பட்டை உறுதியாக இருக்கிறது. தகர டப்பாபோல் அடங்கினால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. பிறகு குழலைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். உள்ளே ஒளி வட்டங்கள் கோணாமல் இருக்க வேண்டும். கோணினால் அங்கே பள்ளம். முன்கட்டையை எடுத்துவிட்டு, குழலைப் பூட்டி லேசாக ஆட்டிப் பார்ப்பார். கீலில் ஆட்டம் இருந்தால் கைக்குத் தெரியும். கடைசியாக வாங்குபவரைக் கண்ணை மூடித் தோளில் ஏந்தச் சொல்லுவார். கண் திறக்கும்போது பார்வை பட்டையின்மேல் நேராக ஓடினால் கட்டை அவருக்குப் பொருந்துகிறது. தட்டின் விட்டமோ 110 மில்லிமீட்டர். அது பறந்து போகிற வேகத்தில் குறிபார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கட்டைதான் குறி பார்க்கிறது என்பார் அப்பா. இதைத் தச்சர் பெருமை என்று நான் நினைத்ததுண்டு, இப்போது நினைப்பதில்லை.

பர்மிங்காம் துப்பாக்கி எல்லாவற்றிலும் தேறிற்று.

அந்த நேரத்தில் நான் என் சொந்த ஆராய்ச்சியில் இருந்தேன். 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 12 சமக் குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டின் விட்டமே குழலின் விட்டம். 453.6 கிராமை 12-ஆல் வகுத்து, ஈயத்தின் அடர்த்தி 11.34 என்று கொண்டு, கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் 18.5 மில்லிமீட்டர் வரும். பதிவேட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். குழலின் அடியில் சோதனை முத்திரைகளை வாசித்தபோது '.729' என்று பொறித்திருந்தது. அங்குலத்தை மாற்றினேன். அதே 18.5! தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியபோதுகூட எனக்கு அந்த மகிழ்ச்சி வந்ததில்லை. "அப்பா, இங்கே பாருங்க" என்று காட்டி, பக்கத்தில் இருந்ததையும் வாசித்தேன். "இரண்டரை. அப்புறம் மூணு டன்."

அப்பாவின் கை நின்றுவிட்டது. "இரண்டரையா? நல்லாப் பாரு தம்பி" என்றார் மெல்ல.

இரண்டரை அங்குலம் தோட்டா அறையின் நீளம். 65 மில்லிமீட்டர் என்று சொல்லும் பழைய அளவு. முதலாளி துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுக்க எடுத்து வைத்த பெட்டியில் 70 என்று இருந்தது. 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடுமுன் வாய் மடங்கியிருப்பதால் அது குட்டை அறைக்குள்ளும் தடையின்றிப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தை அடைக்கும், அழுத்தம் எகிறும். வாங்கியவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. அவர் முகம் கட்டையோடு ஒட்டியிருக்கும்.

முதலாளி ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். சேர்க்கைக் கட்டணம், வீட்டு வாடகை, தங்கையின் படிப்பு எல்லாம் ஒரு நொடியில் என் கண்முன் வந்தன. வாசித்தவன் நான், சொல்ல வேண்டியவனும் நானே என்று தெரிந்தது. நாக்கு எழவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா பட்டறையிலிருந்து ஒரு கருங்காலி முளையைக் கொண்டுவந்தார். அவரே கடைந்தது, 65-க்கு ஒரு கோடு, 70-க்கு ஒரு கோடு. ஆசிரியர் எதிரில் அறைக்குள் விட்டார். அது முதற்கோட்டோடு நின்றது. "முதலாளி, இது எழுபதுக்கு ஆகாது" என்றார்.

முதலாளி கெட்டவர் அல்லர். அந்த முத்திரையை அவரும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் வாடிக்கையாளர் எதிரில் என்பதால் முகம் சிவந்தது. "ஆசாரி, உம்ம வேலை கட்டையோட" என்றார். அப்பா பதில் சொல்லாமல் முளையைத் துடைத்தார். ஆசிரியர் சிறிது நேரம் செதுக்கு வேலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "65 கிடைச்சா?" என்று கேட்டார். கிடைக்கும்போது கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். துப்பாக்கியை ஒருமுறை வாங்கினால் போதும். தோட்டாவை ஒவ்வொரு ஞாயிறும் வாங்க வேண்டும். அவரே கணக்குப் போட்டு முங்கேர்த் துப்பாக்கியை எடுத்தார். அதில் முளை எழுபது வரை போயிற்று. கட்டைதான் நீளம். அப்பா முக்கால் அங்குலம் அறுத்துச் சரிசெய்து கொடுத்தார். கூலி கேட்கவில்லை, கேட்கும் நிலையில் அன்று அவர் இல்லை.

இரண்டு வாரம் முதலாளி அப்பாவோடு பேசவில்லை. நானும்தான் பேசவில்லை, வேறு காரணத்துக்காக.

நடுவில் ஒரு ஞாயிறு ஆசிரியர் எங்களைப் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போனார். 21 வயது நிறையாதவன் துப்பாக்கி வாங்கச் சட்டம் இடம் தராது, எனக்கு 20. தட்டு எண்ணும் வேலை கொடுத்தார்கள். 24 கிராம் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால் 3.2 கிலோ துப்பாக்கி 3 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும் என்று (வெடிவாயுவை விட்டுவிட்டு) கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். 25-இல் அவர் ஒன்பது உடைத்தார். அப்பா தட்டுகளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோளையே பார்த்தார்.

மூன்றாம் சனிக்கிழமை முதலாளி ஓர் அட்டையை என்முன் வைத்து, "எழுது" என்றார். '65 மி.மீ. மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பா பேனாவை வாங்கி, கீழே தமிழிலும் எழுதி, பர்மிங்காம் துப்பாக்கியின் விசைக் காப்பில் கட்டித் தொங்கவிட்டார்.