போதுமான ஓசை

ஆய்வு மாணவர் ஒருவர் ஹெட்ஃபோனுக்கெனத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்க எண்ணினால், அது வீண் ஆடம்பரம் என்றே பிறருக்குத் தோன்றும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய். அத்தேர்வின் வழியே வராமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களுக்கு வழங்கப்படும் தொகையோ நெடுங்காலமாக 8,000 ரூபாயாகவே இருந்துவருகிறது. இந்த இரண்டாம் வகையினருக்கு ஐயாயிரம் ரூபாய்க் கருவி என்பது ஒரு களப்பயணத்தின் செலவு. ஆகவே, எந்தக் கருவி சிறந்தது என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்விதான். கருவி தேவைதானா என்பதே முதற்கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண, ஆம்ப்ளிஃபயர் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். கைப்பேசியோ மடிக்கணினியோ, ஹெட்ஃபோனை ஒலிக்கச் செய்யும் எதனுள்ளும் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. எண்களாகச் சேமிக்கப்பட்ட ஒலியை மின்னலையாக மாற்றும் டிஏசி என்னும் பகுதி முதலில் வருகிறது. அந்த மெல்லிய அலைக்கு ஹெட்ஃபோனை அசைக்கும் வலுவைத் தரும் பெருக்கி அதன்பின் வருகிறது. ஐஃபோன் 7 வெளிவந்த 2016இல் அதில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாமற் போயிற்று. பின்னர் வேறு பல கைப்பேசிகளும் அதே வழியில் சென்றன. துளை போனபின் வந்த டாங்கிள் என்னும் சிறு வால் வெறும் கம்பி அன்று. பெரும்பாலான டாங்கிள்களின் தலைப்பகுதிக்குள் டிஏசியும் பெருக்கியும் சேர்ந்தே இருக்கின்றன. டாங்கிள் வாங்கிய பலர், தாம் ஏற்கெனவே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரை வாங்கிவிட்டதை உணர்வதில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. புளூடூத் ஹெட்ஃபோனைக் கம்பியின்றிப் பயன்படுத்துவோருக்குத் தனி ஆம்ப்ளிஃபயரால் பயனில்லை. அதன் டிஏசியும் பெருக்கியும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்தது, ஆம்ப்ளிஃபயர் மட்டுமாக விற்கப்படும் பெட்டிக்கு மின்னலை வடிவில் உள்ளீடு வேண்டும். துளையில்லாத கைப்பேசியோடு அதை நேரடியாக இணைக்க இயலாது. இடையே ஒரு டாங்கிள் வேண்டும். முதன்முறை வாங்குவோர் பணத்தை இழக்கும் இடங்களுள் இது ஒன்று. பெட்டி வந்து சேர்ந்தபின்தான் அதைச் செருக இடமில்லை என்பது தெரியவருகிறது.

அடுத்து வருவது கணக்கு. ஹெட்ஃபோனின் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று ஓம் என்னும் அலகில் குறிக்கப்படும் மின்மறுப்பு. மற்றொன்று டெசிபலில் தரப்படும் உணர்திறன். மின்மறுப்பு மிகுந்தால் ஆம்ப்ளிஃபயர் கட்டாயம் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை. 1 மில்லிவாட் ஆற்றலுக்கு 97 டெசிபல் ஓசை தரும் ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்துக்கொண்டால், இசையின் உச்சக் கணங்களில் 110 டெசிபலை எட்ட இன்னும் 13 டெசிபல் தேவை. ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும்; இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். ஆகவே 20 மில்லிவாட் போதும். அந்த ஹெட்ஃபோன் 32 ஓம் உடையதாயின் 0.8 வோல்ட் மின்னழுத்தமும் 25 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். 300 ஓம் உடையதாயின் ஏறத்தாழ 2.45 வோல்ட் வேண்டும். மின்னோட்டமோ 8 மில்லிஆம்பியர் அளவே போதும். மின்மறுப்பு மிகுந்த ஹெட்ஃபோன் கேட்பது அழுத்தத்தை. குறைந்தது கேட்பது ஓட்டத்தை. சென்ஹைசரின் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு எளிய டாங்கிள் சற்றே தளர்ந்துபோவதற்கு இதுவே காரணம். தளர்ச்சியின் அளவையும் இதே கணக்கு சொல்லிவிடும். மேற்சொன்ன 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் மட்டுமே கிடைத்தாலும் உச்சம் 102 டெசிபலை எட்டும். அமைதியான அறையில் பெரும்பாலோருக்கு அது போதுமானதற்கும் மேல்.

ஒரே பெயரில் விற்கப்படும் ஹெட்ஃபோன்கூட ஒரே கருவியாக இருப்பதில்லை. பையர்டைனமிக்கின் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் விற்கப்பட்டிருக்கிறது. எந்த வகை என்று பாராமல் வாங்குபவர், தம் கைப்பேசிக்குப் பொருந்தாததை எடுத்துவிடக்கூடும். உணர்திறனிலும் ஒரு பொறி உண்டு. சில நிறுவனங்கள் அதை 1 மில்லிவாட்டுக்கும், சில 1 வோல்ட்டுக்கும் கணக்கிட்டு அச்சிடுகின்றன. 32 ஓம் ஹெட்ஃபோனில் இவ்விரண்டு அளவைகளுக்கும் இடையே ஏறத்தாழ 15 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. அலகைப் பாராமல் எண்ணை மட்டும் ஒப்பிடுபவர், படியையும் மரக்காலையும் ஒன்றெனக் கொண்டு நெல் அளப்பவரை ஒப்பர்.

ஐதராபாத்தில் மொழியியல் பயிலும் ஆய்வாளர் ஒருவரின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆதிலாபாத் பகுதியின் கோண்டி மொழிப் பேச்சை அவர் கைப்பேசியில் பதிவுசெய்து வந்திருக்கிறார். பேசியவர்களில் முதியவர்கள் பலர். குரல் தாழ்ந்து, சொல்லின் ஈறு மூச்சோடு கரைந்துவிடுகிறது. வினைமுற்றின் கடைசி ஒலி காதில் விழாவிட்டால் பேசப்படுவது ஆணைப் பற்றியா, பெண்ணைப் பற்றியா என்பதே மாறிவிடும். ஒலியளவை முழுதும் உயர்த்தியும் தெளியாதபோது, ஆம்ப்ளிஃபயர் இல்லாததே குறை என்று அவர் முடிவுசெய்கிறார். நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கிச் செருகியதும் குரல் பெரிதாகிறது. மின்விசிறியின் இரைச்சலும் அதே அளவு பெரிதாகிறது. ஈறு இன்னும் தெளியவில்லை.

ஏனெனில் குறை ஹெட்ஃபோனிலும் இல்லை, பெருக்கியிலும் இல்லை, பதிவிலேயே இருந்தது. பேசுபவருக்கும் கைப்பேசிக்கும் இடையே இருந்த நான்கடித் தொலைவை எந்த ஆம்ப்ளிஃபயராலும் பின்னோக்கிச் சென்று குறைக்க முடியாது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவின் அளவை உயர்த்தி, தாழ்சுருதி இரைச்சலை வடிகட்டியபோது சில ஈறுகள் தெளிந்தன. வெளியோசை புகாத, காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்றை அணிந்தபோது மேலும் சில தெளிந்தன. எஞ்சியவற்றுக்காக அவர் மீண்டும் ஊருக்குச் சென்றாக வேண்டியிருந்தது. இரவல் கருவியைப் போன்ற ஒன்றைத் தாமும் வாங்கியிருந்தால், அப்பயணத்துக்கான பணம் கையில் இருந்திராது.

அப்படியெனில் இரவல் கருவியைச் செருகிய முதற்கணத்தில் எல்லாம் மேம்பட்டதாகத் தோன்றியது ஏன்? மனிதச் செவியின் இயல்பு அது. ஒரே ஒலியைச் சற்றே உரக்கக் கேட்டால், உரப்பு என்று உணராமல் தெளிவு என்றே மனம் கொள்கிறது. ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாடுகூட இம்மயக்கத்தைத் தரவல்லது. ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடுபவர் முதலில் இரண்டின் ஓசையையும் அளந்து சமப்படுத்த வேண்டும். பின்னர் எது எதுவென்று தெரியாத வகையில் பிறரை மாற்றி இணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும்போது, ஏராளமான விலை வேறுபாடுகள் காதுக்குப் புலப்படாமல் போய்விடுகின்றன.

ஆனால் ஆம்ப்ளிஃபயர்கள் அனைத்தும் ஒன்றே என்று சொல்லிவிடவும் இயலாது. விலைப்பட்டியலில் பெரிதாக அச்சிடப்படும் மில்லிவாட்டைவிட, சிறிய எழுத்தில் வரும் இரண்டு பண்புகள் பெரிதும் பயன்படுபவை. ஒன்று பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு. அது ஹெட்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது பொதுவான வழக்கு. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம். அதை மீறினால், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மின்மறுப்பு மாறும் இயர்ஃபோன்களில் தாழ்சுருதியோ உச்சசுருதியோ இயல்புக்கு மாறாகக் கூடும், குறையும். மற்றொன்று பின்னணி இரைச்சல். உணர்திறன் மிகுந்த இயர்ஃபோனை வலிமைமிக்க பெருக்கியில் செருகினால், பாட்டு தொடங்குமுன்பே மெல்லிய சீறல் கேட்கும். இத்தகையோருக்கு வலிமை ஒரு குறையே. தாழ்பெருக்கம், உயர்பெருக்கம் என மாற்றும் விசை இருக்கும் கருவி இருவகை ஹெட்ஃபோன்களுக்கும் ஒத்துப்போகும்.

மலிவு என்றால் தரக்குறைவு என்ற எண்ணத்துக்கு இத்துறையின் வரலாறே மறுமொழி கூறுகிறது. சூ மோய் என்பவர் வடிவமைத்த சீமாய் என்னும் எளிய சுற்றை, 9 வோல்ட் பேட்டரியோடு புதினா மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டவர் பலர். 2011இல் தம் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் என்டபிள்யூஏவிகய் என்ற புனைபெயரில் ஓ2 என்னும் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை அளவீடுகளோடு எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அதுவும் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் இயங்குவதே. விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை அளந்தே பேச வேண்டும் என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார், வாதம் நிலைத்தது.

இவற்றையெல்லாம்விட எடைமிக்க செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் ஒலிக்கு வலுவைச் சேர்ப்பது, காதுக்கு அன்று. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, வளர்ந்தோருக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகிறது: 83 டெசிபலில் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. நாள்தோறும் ஆறு மணி நேரம் பதிவுகளைக் கேட்டு எழுதும் ஆய்வாளர், 89 டெசிபலில் கேட்பாராயின் வாரத்தின் ஒதுக்கீட்டை முதல் நாளிலேயே செலவழித்துவிடுகிறார். இரவில் காதுக்குள் கேட்கும் ரீங்காரம் அதன் அறிகுறி. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஈற்றொலியைக் கேட்பதற்காக ஓசையை உயர்த்துபவர், நாளடைவில் ஈற்றொலியைக் கேட்கும் திறனையே இழக்க நேரலாம்.

ஆகவே முதன்முறை வாங்குபவர் மேற்கொள்ள வேண்டிய வரிசை எளிது. கையிலிருக்கும் ஹெட்ஃபோனின் ஓமும் உணர்திறனும் முதலில் பார்க்கப்பட வேண்டும். வழக்கமாகக் கேட்கும் ஒலியளவு கைப்பேசியின் பாதியிலோ முக்காலிலோ நிற்குமாயின், வாங்க வேண்டியது எதுவுமில்லை. முழு அளவிலும் மெலிந்து ஒலிக்குமாயின், குறை பதிவிலா, புறவோசையிலா, கைப்பேசியின் அமைப்பிலா என்பது ஆராயப்பட வேண்டும். மூன்றும் அல்ல என்று தெளிந்தபின், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் டாங்கிள் ஒன்றை வாங்கிப் பார்க்கலாம்; அதுவும் போதாத 250, 300 ஓம் ஹெட்ஃபோன் இருந்தால் மட்டுமே பேட்டரியுடன் கூடிய பெட்டி. கைப்பேசியின் மின்னேற்றத் துளையை டாங்கிள் அடைத்துக்கொள்ளும் என்பதையும், கைப்பேசியின் மின்சாரத்தையே அது குடிக்கும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நலம். திருப்பித் தரும் வசதியோடு வாங்குவது அதனினும் நலம்.

இவ்வரிசையில் இறங்கிவரும் பலர் முதற்படியிலேயே நின்றுவிடுவர். வாங்காமல் நின்றவருக்குப் பணம் மிஞ்சுகிறது. ஓசையைக் குறைத்துக் கேட்கப் பழகியவருக்குச் செவி மிஞ்சுகிறது.